கர்ப்பகால நாரி நோவுக்குப் பயிற்சி கற்பிக்கும் முறை

வன்னிக் கிராமங்களில் கர்ப்பிணித் தாய்மாருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். வைத்தியரோ குடும்பநல உத்தியோகத்தரோ பயிற்சி செய்யலாம் என்று கூறிய தாய்மாருக்கு மட்டுமே இவற்றைக் கற்பிக்க வேண்டும்.

முதலில், நோகும் இடத்தைத் தாயே கையால் தொட்டுக் காட்டட்டும். நாரியின் நடுவில் கை வைத்தால் கீழுள்ள பயிற்சிகள் யாவும் பொருந்தும். பிட்டத்தின் மேற்பகுதியையோ அடிவயிற்றுக்குக் கீழுள்ள எலும்பையோ காட்டினால், ஒற்றைக் காலில் நிற்பதையும் கால்களை அகட்டுவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சுவர்ப் பயிற்சி. பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். குதிகால்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, முழங்கால்களைச் சற்று மடக்கி, முதுகைச் சுவரில் சாய்த்து நிற்கும்போது நாரிக்கும் சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். அதற்குள் தாய் தன் கையை நுழைத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுத்து, நாரி அந்தக் கையை இலேசாக அழுத்தும்வரை இடுப்பைச் சரிக்க வேண்டும். தோள்களால் சுவரைத் தள்ளினாலும் கை அழுந்துவதுபோலத் தோன்றும் என்பதால், தோள்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பலர் மூச்சை அடக்கிவிடுவார்கள். ஒன்றிலிருந்து ஐந்துவரை சத்தமாக எண்ணச் சொன்னால் அது நின்றுவிடும். எட்டுப் பத்துத் தடவைகள் போதும்.

இதே அசைவைக் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றியும் செய்யலாம். நாரியை மேலே வளைத்தபின் நேர்நிலைக்கு மட்டும் வர வேண்டும், கீழே தொய்யவிடக் கூடாது. சீமெந்துத் தரையில் முழங்கால் நோகிறது என்று சில தாய்மார் சொன்ன பிறகு, மேசையில் கைகளை ஊன்றி நின்றபடி செய்யவைக்கிறேன், பலன் குறையவில்லை. காற்றடைத்த பெரிய பந்துகளை நான் விரும்புவதில்லை; சுவரும் ஆடாத மரக்கதிரையும் பாதுகாப்பானவை. வழுக்கும் பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம்.

பாயில் படுப்பவர்களுக்கு எழும்பும் முறையையும் கட்டாயம் பழக்குங்கள்: முழங்கால்களைச் சேர்த்து வைத்தபடி பக்கவாட்டில் திரும்பி, கைகளை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, பின்னரே கதிரையைப் பிடித்து நிற்க வேண்டும்.

“வயிற்றுப் பிள்ளையோடு உடம்பை அலட்டாதே” என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்தால், நாரி, இடுப்பு நோவைத் தடுக்கக் கர்ப்பகாலம் முழுவதும் பயிற்சி செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் 2016 இல் பரிந்துரைத்ததை அவர்களுக்கும் பொறுமையாக விளக்குங்கள். ஆனால் இரத்தப்போக்கு, நீர் கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, பிள்ளையின் அசைவு குறைதல், கால் விறைப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பயிற்சியை உடனே நிறுத்தி வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.