ரொறன்ரோ நூலகத்தில் புதிதாக வந்தவர்கள் விடும் பிழைகள்

கனடா வந்து முதல் மாதத்திலேயே வங்கிக்குப் போய்விடுகிறோம், தமிழ்க் கடைக்குப் போய்விடுகிறோம், முகம் தெரியாத உறவினரின் பிறந்தநாள் விழாவுக்கும் போய்விடுகிறோம். நடக்கிற தூரத்தில் இருக்கும் நூலகத்தை மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. "அது படிக்கிற பிள்ளைகளுக்குத்தானே" என்ற ஊர் நினைப்புத்தான் காரணம். ரொறன்ரோவில் 100 கிளைகள் இருக்கின்றன. அங்கே கிடைப்பது புத்தகம் மட்டும் இல்லை.

சரி, போகிறவர்கள் சறுக்குவது நூலக அட்டை எடுக்கிற மேசையில். நிரந்தர வதிவிட அட்டையான பி.ஆர். கார்டை மட்டும் நீட்டுவார்கள். அதில் பெயர் இருக்கும், முகவரி இருக்காது. நூலக அட்டை இலவசம், குடியுரிமையும் தேவையில்லை. ஆனால் நகரத்துக்குள் இருக்கிறீர்கள் என்று காட்ட ஒரு தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் போனால் இரண்டாம் முறை அலையத் தேவையில்லை.

தண்டப்பணப் பயம் இன்னொன்று. 2022இலிருந்து பிந்திக் கொடுக்கும் புத்தகத்துக்குத் தண்டம் இல்லை. தொலைத்தால்தான் காசு. பிந்திப்போன புத்தகத்தை வெட்கத்தில் கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பவர்களை எனக்குத் தெரியும். பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தரும் பிழை, "ஆங்கிலம் கொஞ்சம் வரட்டும், பிறகு போவோம்" என்பது. ஆங்கிலம் வராதவர்களுக்காகத்தான் பல கிளைகளில் உரையாடல் வட்டம் நடத்துகிறார்கள். பரீட்சை இல்லை, கட்டணம் இல்லை, வட்டமாக இருந்து கதைக்க வேண்டியதுதான். ஒருமுறை நான் பார்த்தேன்: பருப்பை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று ஒரு யாழ்ப்பாணத்து மாமி, சிரியாவிலிருந்து வந்த பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இறந்தகாலம் எதிர்காலம் எல்லாம் கலந்து வந்தது. அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே விளங்கியது. வீட்டில் தொலைக்காட்சி பார்த்து இந்தத் துணிச்சல் வராது.

சில கிளைகளில், புதிதாக வந்தவர்களுக்கு உதவும் குடியமர்வுப் பணியாளர்கள் இருப்பார்கள். ஓஹிப் எனப்படும் அரசு மருத்துவக் காப்புறுதி அட்டை, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, குழந்தைகளுக்கான அரசு உதவிப்பணம் எல்லாவற்றுக்கும் வழிகாட்டுவார்கள். இவர்கள் நூலக ஊழியர்கள் அல்லர், சமூக அமைப்புகளிலிருந்து வருபவர்கள். இது தெரியாமல் புத்தகம் கொடுக்கிறவரிடம் படிவத்தை நீட்டிவிட்டு, "உதவவே மாட்டார்கள்" என்று திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது. எந்தக் கிளையில் எந்த நாள் என்று முதலே கேட்டு, ஆவணங்களோடு போங்கள். இலவசமாகக் கிடைக்கும் இந்த உதவிக்குத் தெரிந்தவர் ஒருவருக்குக் காசு கொடுப்பது வீண். குடியுரிமைத் தேர்வும் அப்படித்தான். 20 கேள்விகளில் 15 சரியாக இருந்தால் போதும். அதற்கான கையேட்டை அரசே இலவசமாகத் தருகிறது.

தமிழ்ப் புத்தகம் தேடி வந்து, தங்கள் கிளையில் இல்லையென்றதும் போய்விடுகிறவர்களும் உண்டு. நகரின் கிழக்கே உள்ள ஸ்காபரோக் கிளைகளில் இருக்கும் தமிழ்ப் புத்தகத்தை முன்பதிவு செய்தால் உங்கள் கிளைக்கே வந்து சேரும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் அம்மம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுக் காருக்குள் இருக்கும் அப்பாமார். சிறுபிள்ளைகளுக்கான கதை நேரம் பெற்றோரும் சேர்ந்து இருப்பதற்கானது. அங்கே பாடும் பாட்டுகள் மிக எளிய ஆங்கிலம். பிள்ளை இரண்டு கிழமையில் பாடமாக்கிவிடும், பக்கத்தில் இருந்தால் அப்பாவுக்கும் பாடமாகிவிடும்.