பகல் பராமரிப்பு நடத்துகிறவர்கள் சான்றிதழ் எடுக்கத்தான் வேண்டுமா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டு விறாந்தையையும் முன்னறைகள் இரண்டையும் ஒதுக்கி, ஒன்பது வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எட்டு மாதக் குழந்தையும் இருக்கும், நாலு வயதுப் பிள்ளையும் இருக்கும். தாய்மாரில் பாதிப் பேர் போதனா வைத்தியசாலையில் தாதியர். மற்றவர்கள் வங்கி, பல்கலைக்கழகம் என்று வேலைக்குப் போகிறவர்கள். இதே வேலையைச் செய்கிற பெண்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, சேட்டிபிக்கட் எடுத்தால் ஏதும் பிரயோசனம் இருக்கோ?"

இருக்கிறது. ஆனால் எந்தச் சான்றிதழ், எந்த வழியில் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நான் முதல் தரம் பிழையான வழியில் போனேன். ஒரு தனியார் நிறுவனத்தில் 38,000 ரூபாய் கட்டி, ஆறு மாதம் சனிக்கிழமைகளில் போய் "டிப்ளோமா" எடுத்தேன். கறுப்பு அங்கி போட்டுப் படமும் எடுத்தார்கள். பிறகு அதைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான், அந்தப் பாடநெறிக்குத் தேசிய அளவில் எந்த அங்கீகாரமும் இல்லை என்று தெரிந்தது. அந்தக் காசுக்கு இரண்டு நல்ல தொட்டில் வாங்கியிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இதை. இலங்கையில் தொழில் சான்றிதழ் என்றால் என்.வி.கியூ, அதாவது தேசிய தொழிற் தகைமை. ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். எங்கள் வேலைக்கு 3ம் 4ம் மட்டங்களைத்தான் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே இருப்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. ஒரு நிறுவனம் அங்கே பதிந்திருப்பது வேறு, அது நடத்துகிற குறிப்பிட்ட பாடநெறி தர அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. "நாங்கள் பதிவு செய்த நிறுவனம்" என்று சொல்லுவார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் கையில் வருவது என்.வி.கியூ இல்லை. காசு கட்ட முன்னம் இரண்டையும் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

அடுத்தது, ஏற்கனவே சில வருடம் பிள்ளை பார்த்தவர் வகுப்புக்கே போகத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி ஒன்று இருக்கிறது. நைட்டா என்று நாங்கள் சொல்லுகிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் போய்க் கேளுங்கள். நீங்கள் செய்கிற வேலைக்கான ஆதாரங்களைக் காட்ட வேண்டும், மதிப்பீட்டாளர் செய்முறையைப் பார்ப்பார், கேள்வி கேட்பார். புள்ளி போடுவதில்லை. "தேர்ச்சி" அல்லது "இன்னும் தேர்ச்சி இல்லை", அவ்வளவுதான். சில பகுதிகளில் மட்டும் தேறினால் அதற்கு ஒரு பதிவு தருவார்கள், மிச்சத்தைப் பிறகு முடிக்கலாம். நான் இரண்டாவது தரம் போனது இந்த வழியில்.

ஆதாரக் கோப்புத்தான் பெரிய வேலை. அதில் எனக்கு உதவியது நியூ ஜேர்சியில் இருக்கிற மச்சாள். அங்கே சிடிஏ என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது: 120 மணி நேரப் பயிற்சி, பிள்ளைகளோடு 480 மணி நேர வேலை, ஒரு கோப்பு, ஒரு பரீட்சை, பிறகு ஒருவர் நேரில் வந்து வேலையைப் பார்ப்பார். மூன்று வருடத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். அவள் தன் கோப்பை வீடியோவில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். அதைப் பார்த்துத்தான், ஒவ்வொரு பத்திரத்துக்கும் கீழே "இதை ஏன் இப்படிச் செய்கிறேன்" என்று இரண்டு வரி எழுதப் பழகினேன்.

என் கோப்பில் வைத்தவை: மூன்று மாத வரவுப் பதிவு. எந்தப் பிள்ளையை யார் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பெற்றோர் ஒப்பமிட்ட தாள். ஒரு கிழமைச் சாப்பாட்டு அட்டவணை. குரக்கன் கஞ்சி, அவித்த பூசணி, முட்டை என்று நாங்கள் உண்மையில் கொடுப்பதை எழுதினேன், அழகுக்காக எதையும் சேர்க்கவில்லை. விழுந்த, கடித்த, காய்ச்சல் வந்த நாட்களின் பதிவு. மாரி காலத்தில் டெங்குக்காக வளவில் தண்ணீர் தேங்குகிற இடங்களைப் பார்த்த திகதிகள். செஞ்சிலுவைச் சங்கத்தில் செய்த முதலுதவிப் பயிற்சித் தாள். இரண்டு தாய்மாரின் கடிதம். பிள்ளைகளின் படம் வைப்பதானால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் எடுங்கள். நான் முகம் தெரியாத படங்களையே வைத்தேன்.

மதிப்பீட்டு நாளில் எனக்குக் கை நடுங்கியது. ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தொண்டையில் ஏதும் அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்டார். பயிற்சியில் படித்ததெல்லாம் அந்த நேரம் மறந்துபோய், "விரலை விட்டு எடுப்பேன்" என்று பழைய பழக்கம் வாயில் வந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, பொம்மையை என் கையில் தந்தார். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போகும். பிள்ளையை முகம் கீழே பார்க்க, தலை தாழ்ந்திருக்க, முன்கையில் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தரம் தட்ட வேண்டும். வராவிட்டால் நிமிர்த்தி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்தம். வயிற்றை அழுத்தவே கூடாது. ஒருவர் இதைச் செய்ய மற்றவர் 1990 அம்புலன்சுக்கு எடுக்க வேண்டும். செய்து காட்டச் செய்து காட்ட எல்லாம் திரும்ப வந்தது. ஒன்பது வருடமும் அப்படி ஒன்று நடக்காமல் போனது கடவுள் புண்ணியம் என்று அன்றைக்கு அழுதேன்.

சரி, காசுக் கணக்கு. சான்றிதழ் வந்தபின் மாதக் கட்டணத்தை 8,500இலிருந்து 9,500 ஆக்கினேன். இரண்டு குடும்பம் விட்டுப் போனது. 14 பிள்ளைகளுக்கு 119,000 ரூபாய் வந்த இடத்தில் 12 பிள்ளைகளுக்கு 114,000. வருமானம் குறைந்துவிட்டது! அந்த இரண்டு இடமும் நிரம்ப நாலு மாதம் எடுத்தது. அதன்பிறகுதான் மாதம் 133,000. அந்த நாலு மாதத்தைத் தாங்குவதற்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு கட்டணத்தைக் கூட்டுங்கள்.

காசைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஒரு அம்மம்மா பேரனோடு கடுகுத் தலையணை கொண்டுவந்தார். ஒரு வயதுவரை தலையணை இல்லாமல், சமமான இடத்தில், மல்லாக்கத்தான் படுக்க வைப்பேன் என்றேன். "நான் ஆறு பெத்து வளர்த்தனான், நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?" என்று கோபித்தார். முந்தி என்றால் பேசாமல் வாங்கி வைத்திருப்பேன். இந்த முறை அவரை இருத்தி, மூச்சுத் தடைப்படக் கூடிய விதத்தைச் சொன்னேன். "நீங்கள் வளர்த்த மாதிரியே அன்பாகப் பார்ப்பேன் அம்மா, இது ஒன்றை மட்டும் விடுங்கோ" என்றேன். தலையணையைக் கொண்டுபோய்விட்டார்.

எல்லாருக்கும் இது தேவை என்று சொல்லமாட்டேன். ஓரிரு வருடத்தில் மூடப்போகிறவர் முதலுதவிப் பயிற்சியை மட்டும் செய்தால் போதும். கனடா போகிற எண்ணத்தில் எடுப்பவர்கள் கவனமாக இருங்கள்: ஒன்ராறியோவில் முன்பிள்ளைப் பருவக் கல்வியாளர் என்று சொல்லிக்கொள்ளவே அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிற அங்கத்தைய சபையில் பதிந்திருக்க வேண்டும். எங்கள் என்.வி.கியூ தாளை நீட்டி அந்தப் பதிவை எடுக்க முடியாது. முன்பள்ளி ஆசிரியராக மேலே படிக்க விரும்புகிற இளம் பிள்ளைகள் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் விசாரியுங்கள்.

தொடங்குகிறவர்கள் இன்றைக்கே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். பிள்ளை வந்த நேரம், சாப்பிட்டது, தூங்கியது, அழுதது, யார் கூட்டிப் போனது என்று திகதி போட்டு எழுதுங்கள். மூன்று மாதம் எழுதிய பிறகு விண்ணப்பம் வாங்கப் போகலாம். பிரதேச செயலகத்தில் இருக்கிற முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் ஒருக்கால் காட்டுங்கள், என்ன குறைகிறது என்று கேளுங்கள். என்னோடு நிற்கிற தங்கச்சி போன கிழமைதான் தன் கொப்பியைத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது: "7.40 மணி. அழுதுகொண்டு வந்தவர். வாசலில் நின்ற பூனையைக் காட்டினேன், நிறுத்திவிட்டார்." இதையும் கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.