டிரம் பக்கத்தில் மாட்டும் குறிப்பு அட்டை: எழுதியதும் ஒட்டிவிடாதீர்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) பிக்கிள் வேலைக்கான, அதாவது பதனிடுவதற்கு முன் தோலை உப்பும் ஆசிட்டும் கலந்த நீரில் ஊறவைக்கும் வேலைக்கான, அட்டையைப் பெரும்பாலும் ஆபீசில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். படிப்பவரோ ஈரக் கையுறையோடு, தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மின் இரைச்சலில் நிற்கிறார்.

முதலில் சதவீதத்தைக் கிலோவாக மாற்றுங்கள். '8% உப்பு' என்றால் அவர் கணக்குப் போட வேண்டும். 1,000 கிலோ தோலுக்கு 80 கிலோ என்று நேராகவே எழுதலாம். தோல் எடை மாறினால் என்ன அளவு என்பதற்குச் சின்ன அட்டவணை போதும்.

எச்சரிக்கை எப்போதும் அந்த வேலைக்கு முந்தைய வரியில் வர வேண்டும். 'ஆசிட்டைக் கரைக்கவும். கவனம்: தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும்' என்று எழுதினால், இரண்டாவது வாக்கியத்தைப் படிப்பதற்குள் சிலர் ஆசிட்டில் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள், அது கொதித்துத் தெறிக்கும். உப்புக்குப் பிறகே ஆசிட் என்பதற்குக் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: உப்பு இல்லாவிட்டால் தோல் ஊதிக் கெட்டுவிடும். காரணம் தெரிந்தவர் வரிசையை மாற்ற மாட்டார்.

பிறகு சோதனை. அட்டையைப் பார்த்திராத ஐந்து பேரிடம், காலி வாளியும் வெறும் தண்ணீரும் கொடுத்து, ஒவ்வொருவராகச் செய்யச் சொல்லுங்கள். ஒருவருக்காவது உருது அல்லது இந்தி மட்டும் தெரிந்திருந்தால் நல்லது. படங்கள் புரிகின்றனவா என்று தெரிந்துவிடும். நீங்கள் வாயே திறக்கக் கூடாது, இதுதான் கஷ்டம். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கை எந்த வரியில் தயங்கி நிற்கிறதோ, அந்த வரியைத் திருத்துங்கள்.