அல்பைன் ஸ்னோபோர்டில் கார்விங்: படம்பிடித்துப் பழகும் முறை

கார்விங் என்பது பலகையைச் சாய்த்து, அதன் விளிம்பால் மட்டும் பனியை வெட்டித் திரும்புவது. பலகை அப்படிக் கார்வ் ஆனதா, வழுக்கியதா என்பதற்குப் பனியில் விழுந்த தடம்தான் சாட்சி. ஓரிரு விரல் அகலத்தில், திருப்பத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோடாக வளைந்திருந்தால் விளிம்பு மட்டுமே பனியில் ஓடியிருக்கிறது. எங்கே கோடு அகன்றிருக்கிறதோ அங்கே வழுக்கல். அதனால் ஓடுபவரைப் படமெடுப்பதற்கு முன் ஓடிய தடத்தை எடுங்கள். தொடக்கத்திலேயே அகன்றிருந்தால், விளிம்பு பதிவதற்குள் பின்காலால் பலகையைத் தள்ளித் திருப்பியிருக்கிறீர்கள். கடைசிப் பகுதியில் அகன்றிருந்தால் விளிம்பு தாமதமாகப் பதிந்திருக்கிறது; வேகத்தைக் குறைக்கும் வேலை முழுவதும் கடைசியில் குவிந்துவிட்டது.

பழகுவதற்கு 155 முதல் 165 செ.மீ. நீளமுள்ள, சிறு திருப்பங்களுக்கான ஸ்லாலம் வகைப் பலகை போதும். நடுவில் ஒடுங்கி உள்வாங்கியிருக்கும் பக்க வளைவின் ஆரம் 10–12 மீட்டர் இருக்கட்டும். ஹார்ட் பூட்டை (கெட்டியான ஓடுள்ள பூட்) பலகையில் பிடித்துவைக்கும் தட்டு பைண்டிங்கை, பலகைக்குக் குறுக்கான கோட்டிலிருந்து முன்காலுக்கு 55–60 பாகையிலும், பின்காலுக்கு அதைவிட 3–5 பாகை குறைவாகவும் வையுங்கள். பூட்டின் முனையோ குதியோ பலகை விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால், நன்றாகச் சாயும்போது பூட் முதலில் பனியில் இடித்து விளிம்பைத் தூக்கிவிடும். எச்சரிக்கையே இல்லாமல் விழுவது பெரும்பாலும் இதனால்தான். தாண்டுகிறதென்றால் கோணத்தைக் கூட்டுங்கள்.

ஒரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். 12 மீட்டர் ஆரமுள்ள பலகையை 45 பாகை சாய்த்தால் அது ஏறத்தாழ 8.5 மீட்டர் ஆரத்தில் திரும்பும். 60 பாகை சாய்த்தால் 6 மீட்டரில். திருப்பத்தைச் சிறிதாக்குவது காலின் தள்ளல் இல்லை, பலகையின் சாய்வு. வீடியோவில் அளக்க வேண்டியதும் அந்தச் சாய்வைத்தான்.

கேமராவை எங்கே நிறுத்துவது

சாய்வு சரியாகத் தெரிவது, பலகை லென்ஸை நோக்கி நேராக வரும் ஒரு கணத்தில் மட்டும். எனவே எடுப்பவர் கீழே, சரிவின் ஓரக் கம்பத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஓடுபவர் அதே ஓரமாக ஒடுக்கமான பாதையில் இறங்கி, எடுப்பவருக்கு நன்றாக மேலேயே ஓட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டும். மேட்டுக்குக் கீழே, மேலிருந்து வருபவர் கண்ணில் படாத இடத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். எடை முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஓட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். பின்தொடர்ந்து எடுக்கும் படம் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் காட்டும். சாய்வுக்கு அதை நம்ப முடியாது.

போனின் அகல லென்ஸ் வேண்டாம். அது ஆளைச் சிறிதாக்கி, சரிவைத் தட்டையாக்கிவிடும். ஆள் சட்டகத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும்படி ஆப்டிகல் ஜூமை வைத்துக்கொண்டு, அதை மாற்றாமல் தொடருங்கள். நொடிக்கு 60 பிரேம் போதும், 120 கிடைத்தால் நல்லது. ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். மெதுவானால் விளிம்பு கலங்கித் தெரியும். வெள்ளைப் பனியைப் பார்த்துக் கேமரா தானாக ஒளியைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் ஆள் கறுத்துப்போவார். ஒளி அளவை (எக்ஸ்போஷர்) +0.7 முதல் +1 வரை கூட்டிப் பூட்டிவிடுங்கள். அதற்கு மேல் போனால் தடம் வெளுத்து மறைந்துவிடும்.

சட்டகத்துக்குள் ஒரு மரமோ லிஃப்ட் கம்பமோ நேராக நிற்க வேண்டும். போன் 10 பாகை சரிந்தால் உங்கள் சாய்வும் 10 பாகை கூடியோ குறைந்தோ தெரியும். பார்க்கப் பிரமிப்பூட்டும் சில படங்களில் ஒரு பங்கு சாய்வு கேமராக்காரர் கையுடையது!

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஓட்டங்களுக்கு இடையே போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

பார்க்கும் வரிசை

பிரேம் பிரேமாக நகர்த்தி, முதலில் பலகை, பிறகு முழங்கால், இடுப்பு, கடைசியில் தோள் என்று பாருங்கள். தோளிலிருந்து தொடங்கினால் அறிகுறியைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள், காரணம் அப்படியே இருக்கும். பலகை நேர் இறக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே புது விளிம்பில் ஏறிவிட்டதா என்பது முதல் கேள்வி. ஏறவில்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம்.

குதிகால் பக்க விளிம்பில் ஓடும் திருப்பத்தில் அதிகம் காணும் பிழை, நாற்காலியில் அமர்வதுபோல் இடுப்பு வெளியே துருத்தி, மார்பு முழங்கால்மேல் கவிழ்வது. அப்போது எடை விளிம்புக்கு மேல் இல்லாததால் பலகை தடதடவென்று குதித்து வழுக்கும். பின்கையை முன் பூட்டை நோக்கி, கால்விரல் பக்க விளிம்புக்கு மேலாகக் கொண்டுவாருங்கள். இடுப்பு தானாக முன்னால் திரும்பும். கால்விரல் பக்கத் திருப்பத்தில் பிழை வேறு: பனியைத் தொடும் ஆசையில் உள்கையை, அதாவது திருப்பத்தின் உட்பக்கக் கையை, நீட்டுவது. தோள் சரிகிறது, இடுப்பு மேலேயே நிற்கிறது. உடல் சாய்ந்த அளவுக்குப் பலகை சாய்வதில்லை. உள்கை உயரே, வெளிக்கை பூட்டை நோக்கிக் கீழே என்று பழகுங்கள். முழங்காலும் இடுப்பும் பனியை நெருங்கட்டும். கை தொடுவது அதன் விளைவாக வந்தால் வரட்டும்.

இரண்டையும் பழக, காலையில் இயந்திரம் சமன்செய்த மென்சரிவே நல்லது. நேராக இறங்கத் தொடங்கி, பலகையைச் சாய்த்து மட்டும் விடுங்கள். காலால் திருப்பவே கூடாது. அது வளைந்து, மேட்டை நோக்கி ஏறித் தானாக நிற்கும். இறங்கி நடந்து தடத்தைப் பாருங்கள். இரு பக்கமும் சுத்தமான கோடு விழுந்த பிறகே திருப்பங்களை இணைக்க வேண்டும். மேல்நோக்கி வளையும் திருப்பத்துக்கு முன் மேலும் கீழும் பார்ப்பது உங்கள் பொறுப்பு. சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் நடத்தை விதி 5 அதைத்தான் கேட்கிறது.

உடல் சரியாகத் தெரிந்தும் இறுகிய பனியில் மட்டும் தடம் அகன்றால் விளிம்பைச் சோதியுங்கள். நகத்தின் மேற்பரப்பை விளிம்பில் குறுக்காக இழுத்தால் மெல்லிய தூள் சுரண்டி வர வேண்டும். வராவிட்டால் பக்க விளிம்பை 88 அல்லது 89 பாகைக்கு, அடிப்பக்கத்தை 0.5–1 பாகைக்குத் தீட்டிவிட்டு மறுபடி படமெடுங்கள்.