மெல்லிய சுவருடைய விமானப் பாகங்களை வளையாமல் வெட்டியெடுக்கும் முறை

விமான இறக்கையின் உள்ளே வரும் ரிப், உடற்பகுதியில் வரும் ஃபிரேம் போன்ற அலுமினியப் பாகங்களில் பல, ஒரே தடித்த பிளேட்டிலிருந்து குடைந்தெடுக்கப்படுகின்றன. வாங்கிய உலோகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சில்லாகப் போவது இத்தொழிலில் சாதாரணம். எஞ்சும் பாகத்தின் சுவர் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். மெஷினில் இருக்கும்வரை சரியாக அளவு காட்டிய ஜாப் (வெட்டப்படும் துண்டு), கிளாம்ப்பைத் தளர்த்தியதும் வாழைமட்டை போல வளைந்துகொள்வதுதான் இங்கே முதன்மையான தொல்லை.

வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் பிளேட்டுக்குள்ளேயே இருக்கிறது. சூடாக்கிய பிளேட்டைத் திடீரெனக் குளிர்விக்கும்போது மேற்பரப்பில் அமுக்கமும் நடுப்பகுதியில் இழுவிசையும் தங்கிவிடுகின்றன. அவை ஒன்றையொன்று சமன்செய்தபடி இருப்பதால் வெளியே தெரிவதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாகக் குடைந்தால் அந்தச் சமநிலை குலைகிறது. இதைத் தணிப்பதற்காகவே பிளேட்டை ஆலையில் 1.5 முதல் 3 சதவீதம் வரை இழுத்து நீட்டுகிறார்கள். 7050-டி7451 என்ற அலுமினியப் பிளேட் வகைப் பெயரின் இறுதியில் வரும் 51 அதையே குறிக்கிறது. ஆகவே சான்றிதழிலுள்ள அலாய் (உலோகக் கலவை), டெம்பர் (சூடாக்கிப் பதப்படுத்திய நிலை), ஹீட் எண் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) ஆகிய மூன்றையும் பிளேட்டின் மேலுள்ள முத்திரையோடு ஒப்பிட்ட பிறகே அதை அறுக்க வேண்டும். அறுத்த ஒவ்வொரு துண்டிலும் ஹீட் எண்ணை மறுபடி எழுதிவைக்க வேண்டும். எண் இல்லாத துண்டு, எவ்வளவு நல்ல உலோகமாக இருந்தாலும், விமானத்துக்கு ஆகாது.

முதலில் இரண்டு முகங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு உலோகத்தை நீக்கி, பாக்கெட்டுகளை (குடைய வேண்டிய குழிகளை) ரஃப்பிங் செய்து, அதாவது தோராயமாகக் குடைந்து, எல்லாப் பக்கமும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை மிச்சம் விடவும். அதன் பிறகு எல்லாக் கிளாம்ப்புகளையும் கழற்றி, ஜாப்பைத் தன்போக்கில் வளைய விடவும். அதைக் கிரானைட் மேசையில் கிடத்தி, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளை) நுழைத்தால் எந்த மூலை எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரு மூலையில் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளாம்ப்பை முறுக்கி அந்த மூலையைக் கீழே அமுக்கிவிட்டு ஃபேசிங் செய்தால் (முகத்தைத் தட்டையாகச் சீவினால்), வெட்டும்போது தட்டையாகத் தெரியும். விடுவித்ததும் அதே 0.2 பெருமளவு திரும்பிவிடும். மாறாக, இடைவெளியில் அதே தடிமனுள்ள ஷிம்மை (மெல்லிய தகட்டை) வைத்து, ஜாப் வளைந்த நிலையிலேயே நேர் மேலிருந்து பிடித்து, டேட்டம் முகத்தை (மற்ற அளவுகளுக்கு அடிப்படையாகும் முகத்தை) மெல்லியதாகச் சீவியெடுக்க வேண்டும். கிளாம்ப்பை இறுக்கும்போது அருகில் டயல் கேஜை வைத்து, முள் நகராமல் பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு அந்த முகத்தை அடியாக வைத்து மறுபக்கத்தைச் சீவவும். சைக்கிள் நேரத்தை (ஒரு பாகத்தை வெட்டி முடிக்க ஆகும் நேரத்தை) குறைக்க விரும்புபவர்கள் முதலில் கைவைப்பது இந்தப் படியில்தான். என் பார்வையில், நேரத்தைக் குறைக்க வேறு எந்த இடத்தையும் தேடலாம், இந்தப் படியில் மட்டும் கைவைக்கக் கூடாது.

ஃபினிஷிங்கில் (கடைசிச் சீவலில்) சுவரை ஒரே மூச்சில் அடிவரை இறக்கக் கூடாது. மேலிருந்து சிறு சிறு ஆழமாக, சுவரின் இரு பக்கங்களையும் மாறி மாறி வெட்டிக்கொண்டு இறங்கினால், வெட்டும் இடத்துக்குக் கீழே தடித்த உலோகம் எப்போதும் தாங்கி நிற்கும். அடித்தளத்தை நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். மூலை ஆரத்துக்குச் சமமான ஆரமுள்ள எண்ட் மில்லை (சுழன்று வெட்டும் கட்டரை) எடுத்தால், அது மூலையில் சட்டென்று அதிக உலோகத்தைக் கவ்வி அதிர்ந்து, சுவரில் வரிவரியாகத் தடம் விடும். சற்றுச் சிறிய கட்டரை வளைவாக ஓட்டினால் அந்தத் தடம் வராது.

டைட்டானியத்தில் கணக்கு வேறு. அது வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது என்பதால், சூடு சில்லோடு போகாமல் டூலின் முனையிலேயே தங்கும். கார்பைடு டூலுக்கு நிமிடத்துக்கு 50 மீட்டர் அளவிலான வேகத்தில் தொடங்குவது பாதுகாப்பு. அதன் நுண்சில்லு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலோகத் தீக்கான உலர் தூளை அருகில் வைத்திருக்க வேண்டும்.

வெட்டிய விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை, அதாவது பர்ரை, நீக்கும்போது விழும் கீறல்கூடப் பிற்காலத்தில் விரிசல் தொடங்கும் இடமாகலாம். எனவே டிராயிங் சொல்லும் விளிம்பு அளவை மீறாமல், கீறலின் திசையையும் கவனித்துத் தேய்க்க வேண்டும்.

அளவெடுப்பதற்கு முன் ஜாப் 20 டிகிரி செல்சியஸுக்கு வந்திருக்க வேண்டும். 500 மில்லிமீட்டர் நீள அலுமினியம் 5 டிகிரி கூடுதலாக இருந்தால் ஏறத்தாழ 58 மைக்ரான் நீண்டு காட்டும்; டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடு) முழுவதையும் அதுவே விழுங்கிவிடலாம். டிராயிங்கில் வேறு குறிப்பு இல்லையெனில், சிஎம்எம் (பல புள்ளிகளைத் தொட்டு அளவெடுக்கும் கருவி) மேசையில் ஜாப்பை அமுக்கிப் பிடிக்காமலே அளக்கவும். முதல் பாகத்துக்கு, டிராயிங்கின் ஒவ்வோர் அளவுக்கும் குறிப்புக்கும் எண்ணிட்டு, முதல் பாகப் பரிசோதனைக்கான ஏஎஸ்9102 படிவத்தில் பதிய வேண்டும். பின்னர் மெஷினையோ புரோகிராமையோ ஜாப் பிடிக்கும் முறையையோ மாற்றினால், அந்த மாற்றம் பாதிக்கக்கூடிய அளவுகளை மீண்டும் எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.