ஒயின் தோட்டத்தில் விருந்தினர் கண்ணில் படாத தவறுகள்

கூரையில் சூரியத் தகடு, ஓரத்தில் தேன்பெட்டி, கொடிகளுக்கு நடுவே மேயும் ஆடுகள். படமெடுக்க அழகாக இருக்கும், தப்பும் இல்லை. ஆனால் திராட்சை வளர்த்து, ஒயின் தயாரித்து, விருந்தினரையும் வரவேற்கும் ஒயின் தோட்டம் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கெடுதலில் பெரும்பகுதி விருந்தினர் எட்டிப்பார்க்காத இடங்களில்தான் நடக்கிறது.

முதலில் பாட்டில். ஒயினின் கார்பன் கணக்கில் பெரும்பாலும் கண்ணாடிதான் பெரிய பங்கு. கனமான பாட்டில் என்றால் உயர்ந்த சரக்கு என்ற நினைப்பில் 900 கிராம் பாட்டிலில் அடைக்கிறார்கள். உள்ளே இருக்கும் 750 மி.லி. ஒயினே அவ்வளவு எடை இல்லை! நுரைக்கும் ஒயினுக்கு அழுத்தம் தாங்கத் தடித்த கண்ணாடி தேவை, சரி. மற்றவற்றுக்கு 420 கிராமே போதும். தோட்டத்திலேயே உட்கார்ந்து குடிப்பவர்களுக்குப் புதுப் பாட்டில் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. காலி பாட்டில் வாசலைத் தாண்டுவதே இல்லை. கழுவி மறுபடி நிரப்ப இதைவிடத் தோதான இடம் கிடையாது. பீப்பாயிலிருந்து நேராக ஊற்றினாலும் ஆயிற்று.

அடுத்தது, ‘இயற்கை முறை, ரசாயனமே இல்லை’ என்று மார்தட்டுவது. இயற்கை முறைத் தோட்டங்களிலும் அடிச்சாம்பல் நோய் என்ற இலை நோய்க்குத் தாமிரம் தெளிக்கிறார்கள். மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை 1880களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. தாமிரம் மக்காது, மண்ணிலேயே சேர்ந்துகொண்டு போய் மண்புழுவையும் நுண்ணுயிர்களையும் பாதிக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. மழையையும் ஈரத்தையும் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்துத் தெளிப்பதும், மண்ணில் தாமிரம் எவ்வளவு என்று சோதிக்காமலே இருப்பதும் இங்கே நடக்கும் தவறுகள். ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட்டைப் பற்றி ‘சல்பைட் துளியும் இல்லை’ என்பதும் இதே ரகம்தான். நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் உண்டாக்கிவிடும்.

ஒயின் தயாரிக்கும் கூடத்தில் தண்ணீர் பெரும்பாலும் கழுவுவதற்கே செலவாகிறது. தரையில் கிடக்கும் தோலையும் விதையையும் கூட்டி அள்ளாமல் குழாயைத் திறந்துவிட்டால், சர்க்கரையும் ஆல்கஹாலும் கலந்த கழிவு ஓடையில் போய்ச் சேரும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிட, மீன்கள் செத்து மிதக்கும். தொட்டி கழுவப் பயன்படுத்தும் காஸ்டிக் சோடா கலந்த கழிவுநீரை வயலுக்குப் பாய்ச்சினால், அதிலுள்ள சோடியம் நாளடைவில் மண்ணை இறுகச் செய்யும்.

இனி விருந்தினர் பக்கம். வருகிறவர்களைக் கொடிகளுக்குள் இஷ்டம்போல் நடக்க விடாதீர்கள். வேரைத் தின்னும் ஃபைலாக்சரா பூச்சி செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டு ஊர் தாண்டும்; 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது அதுதான். அந்தப் பூச்சி இன்னும் நுழையாத தெற்கு ஆஸ்திரேலியாவில் இதில் ரொம்பக் கறாராக இருக்கிறார்கள்.

அப்புறம், நொதிக்கும் அறை. ஒரு லிட்டர் சாறு நொதித்தால் 40 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். காற்றைவிடக் கனமானது, வாசனையும் கிடையாது, தாழ்வான இடத்தில் தேங்கும். அளவு காட்டும் கருவியும் காற்றோட்டமும் இல்லாமல் அங்கே கூட்டத்தை அழைத்துப் போவது உயிரோடு விளையாடுவது.

ருசி பார்க்கும் மேசையில் ஆறு வகையை 30 மி.லி. வீதம் ஊற்றினாலே 180 மி.லி. ஆகிவிடுகிறது. துப்புவதற்குப் பாத்திரமும், குடிக்கத் தண்ணீரும், வண்டி ஓட்டுபவருக்குக் குடிக்கிற மாதிரியான திராட்சைச் சாறும் கேட்காமலே மேசைக்கு வர வேண்டும்.