பட்டாணி உப்புக்கொத்தியைக் கூடு கலையாமல் கவனிப்பது எப்படி

மணல் திட்டிலோ குளத்தோரச் சரளையிலோ நிற்கும் பட்டாணி உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவை, அசையும்வரை கண்ணில் படாது. சுமார் 40 கிராம் எடை, முதுகு மணல் நிறம். அதனால் பறவையைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஓரிடத்தில் உட்கார்ந்து, 8 மடங்கு பைனாகுலரால் தண்ணீர் விளிம்பை மெதுவாகத் துழாவுங்கள். குடுகுடுவென ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரே ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி வகைதான். உள்ளான்கள் என்ற மற்றக் கரைப்பறவைகள் அலகால் சேற்றைக் குத்திக் குத்தி இரை தேடும். உப்புக்கொத்திக்குக் கண்தான் ஆயுதம், அதனால்தான் நின்று பார்க்கிறது. ஈரச் சேற்றில் ஒரு காலை முன்னே நீட்டி, பாதத்தைப் படபடவென நடுங்க வைப்பதையும் பார்க்கலாம். அந்த அதிர்வில் மறைந்திருக்கும் பூச்சி நெளியும், நெளிந்ததும் கொத்திவிடும். இதைப் பார்க்க அரை மணி நேரம் காத்திருந்தாலும் தகும்.

எந்த உப்புக்கொத்தி என்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். நெஞ்சின் கறுப்புப் பட்டையை மட்டும் நம்ப வேண்டாம். இனப்பெருக்கக் காலம் முடிந்தால் அது பழுப்பாகிவிடும். கண்ணைச் சுற்றிப் பளிச்சென்ற மஞ்சள் வளையம் இருக்கிறதா பாருங்கள். இளம் பறவையில் அதுவும் மங்கலாக இருக்கும். பறக்கும்போது இறக்கையைப் பார்த்தால் சந்தேகம் தீரும்: பட்டாணி உப்புக்கொத்தியின் இறக்கையில் வெள்ளைக் கோடு தெரியாது, நெருங்கிய சொந்தங்களுக்கு அது தெளிவாகத் தெரியும். எழும்போது ‘பியூ’ என்று இறங்கும் குரலும் கேட்கும்.

இனி கூடு. கூடு என்று சொல்வதே அதிகம், தரையில் நெஞ்சால் அழுத்திய ஒரு சிறு குழி, அவ்வளவுதான். அதில் பெரும்பாலும் 4 முட்டைகள், கூர்முனை உள்நோக்கி இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 செ.மீ. நீளம், மணல் நிறத்தில் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் இருப்பதால் மிதிபடும் ஆபத்து அதிகம். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய 25 நாள் அடைகாக்கும். உச்சி வெயிலில் சூடேற்றுவதற்கு அல்ல, நிழல் தருவதற்காகவே முட்டைமேல் நிற்கும். அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் நின்று தாயைத் தள்ளி வைத்தால், வெறும் மணல் சூட்டிலேயே கரு செத்துப்போகும்.

ஒரு பறவை உங்கள் முன்னால் இறக்கையைத் தொங்கவிட்டு, வாலை விரித்து, அடிபட்டதுபோல் தரையில் இழுத்துக்கொண்டு போனால் பின்னால் போகாதீர்கள். அடி எதுவும் படவில்லை. கூடோ குஞ்சோ உங்கள் காலடிக்கு அருகில் இருக்கிறது. அங்கேயே நில்லுங்கள். அடுத்த அடி வைக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, குறைந்தது 50 மீட்டர் விலகி உட்காருங்கள். பறவை நேராகக் கூட்டுக்குப் போகாது. சுற்றி வளைத்து, இடையிடையே சும்மா இரை பொறுக்குவதுபோல் பாவனை செய்துதான் வரும். 15 நிமிடத்தில் வந்து உட்காரவில்லை என்றால் இன்னும் தள்ளிப் போங்கள்.

கூட்டுக்குக் குச்சி நட்டோ கல் வைத்தோ அடையாளம் செய்யாதீர்கள், காக்கைக்கும் நாய்க்கும் வழிகாட்டுவதாகிவிடும். படம் எடுத்தால் இடத்தை வெளியே சொல்ல வேண்டாம்.

குஞ்சுகள் பொரிந்து, ஈரம் காய்ந்ததும் நடந்துவிடும்; இரையையும் தாமே பொறுக்கும். பறக்க இன்னும் நான்கு வாரம் போல ஆகும். பெற்றோர் எச்சரித்ததும் குஞ்சு தரையோடு ஒட்டிப் படுத்து, அசையாமல் கிடக்கும். தனியாகக் கிடக்கிறதே என்று இரங்கிக் கையில் எடுக்காதீர்கள். தாய் அருகில்தான் இருக்கும், நீங்கள் போனால் வந்து கூட்டிக்கொள்ளும்.